பொம்மையும் திரையும் குழந்தையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடைக்காரரும் விளம்பரமும் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். ஆய்வுகளில் தெரியவந்தது என்ன, வீட்டில் நம்மால் முடிந்தது என்ன என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கடையில் வாங்கும் பொம்மை அவசியம்தானா?

விளையாட்டு அவசியம், கடைப் பொம்மை அவசியமில்லை. ஒன்றேகால் வயதுக் குழந்தையைச் சமையலறைத் தரையில் உட்காரவைத்து, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா இரண்டைக் கொடுத்துப் பாருங்கள். மூடியைத் தலைகீழாக வைக்கும், பொருந்தாது. திருப்பிப் பார்க்கும். பெரிய மூடியைச் சின்ன டப்பாவின் மேல் வைக்கும். அது சரிந்து 'டணார்' என்று விழும். உடனே உங்களைத் திரும்பிப் பார்க்கும். "அடடா, விழுந்துவிட்டதா!" என்கிறீர்கள். அடுத்த முறை வேண்டுமென்றே தள்ளிவிடும். இப்போது மூடியைப் பார்க்காது, உங்கள் முகத்தையே பார்க்கும்.

அந்தச் சில நிமிடங்களில் பெரிது சிறிது தெரிகிறது, எதைச் செய்தால் எது நடக்கும் என்பது தெரிகிறது, விரல்களுக்குப் பிடிமானம் வருகிறது. எல்லாவற்றையும்விட, தான் ஒன்றைச் செய்தால் எதிரில் இருப்பவர் பதில் தருவார் என்று குழந்தை அறிகிறது. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் இந்தக் கடைசி விஷயத்தில்தான் வந்து நிற்கும். பொம்மையோ வீடியோவோ, எதுவானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: குழந்தை செய்ததற்குப் பதில் தர அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா?

எந்த வயதில் எதைக் கொடுப்பது?

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வயதைப் பாதுகாப்புக்காகப் பாருங்கள். வளர்ச்சிக்குக் குழந்தையைப் பாருங்கள்.

நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை வரிசையாகப் படித்தால் அதில் ஒரு வளர்ச்சி அட்டவணையே இருப்பது தெரியும். ஐந்தாம் மாதவாக்கில் கைகளை ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதத்தையொட்டிக் கை கொட்டும் சப்பாணி. ஓராண்டு நிறைந்தபின் தளர்நடை போட்டு வரும் வருகை. பிறகு நிலவைக் கூப்பிடும் அம்புலி. அதன் பின்னர் மணல்வீடான சிற்றில், கொட்டி முழக்கும் சிறுபறை, இழுத்துச் செல்லும் சிறுதேர். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். பொருள்கள் கடைசியில்தான் வருகின்றன. அதுவரை குழந்தையின் உடம்பே விளையாட்டுப் பொருள். இன்னொன்றையும் கவனியுங்கள். பல பருவங்களில் ஒரு தாயோ செவிலியோ "சப்பாணி கொட்டுக", "வருக" என்று குழந்தையை அழைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இன்றைய வீட்டுக்கு இதைப் பொருத்திச் சொன்னால்: முதல் ஆறு மாதத்துக்கு உங்கள் முகம், தாலாட்டு, ஒரு கிலுகிலுப்பை போதும். உட்காரத் தொடங்கியதும் ஒன்றுக்குள் ஒன்று போகும் கிண்ணங்கள், வாயில் வைத்தாலும் கெடாத மரப் பொம்மை. நடக்கத் தொடங்கியதும் தள்ளவும் இழுக்கவும் ஏதாவது. ஒன்றரை வயதுக்கு மேல் பாவனை விளையாட்டு முளைக்கிறது. காலி தம்ளரில் காப்பி ஆற்றி உங்களுக்கு நீட்டும் குழந்தை, இல்லாத ஒன்றை இருப்பதாக மனத்தில் நிறுத்திக்கொள்கிறது. 'பால்' என்ற ஓசை பாலைக் குறிக்கும் என்று புரிந்துகொள்ளவும் இதே திறன்தான் தேவைப்படுகிறது. ஆகவே சொப்புச் சாமானையும் மரப்பாச்சியையும் பழைய காலத்துப் பொருள் என்று ஒதுக்க வேண்டாம். அந்தக் காப்பியை வாங்கி, ஊதிக் குடித்து, "சர்க்கரை கொஞ்சம் குறைவு" என்று சொல்லுங்கள்.

பாட்டுப் பாடி, எழுத்தும் நிறமும் சொல்லித்தரும் பாட்டரி பொம்மைகள் அறிவை வளர்க்குமா?

பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கும். வடக்கு அரிசோனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா சோசா இதைச் சோதித்துப் பார்த்தார். ஆய்வு 2016இல் வெளியானது. பத்து முதல் பதினாறு மாதக் குழந்தைகள் உள்ள 26 வீடுகளில் மூன்று விதப் பொருள்களைக் கொடுத்து, விளையாடும்போது நடந்த பேச்சைப் பதிவுசெய்தார். பேசும் குட்டி மடிக்கணினி, பேசும் பண்ணை போன்ற மின்னணுப் பொம்மைகள் ஒரு வகை. மரப் புதிர், வடிவம் பொருத்தும் பெட்டி, கட்டைகள் ஒரு வகை. கெட்டி அட்டைப் புத்தகங்கள் ஒரு வகை. புத்தகத்தோடு இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்குச் சராசரியாக 67 சொற்கள் பேசினார்கள். சாதாரணப் பொம்மைகளோடு 56. மின்னணுப் பொம்மைகளோடு 40தான். குழந்தை எழுப்பிய ஒலிகளும் பெற்றோர் திருப்பிச் சொன்ன பதில்களும் கூடவே குறைந்தன.

சின்ன ஆய்வுதான். ஆனால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பொத்தானை அமுக்கியதும் பொம்மை "இது பசு!" என்று கத்துகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி வாயை மூடிக்கொள்கிறார், பொம்மைதான் சொல்லிவிட்டதே என்று. பொம்மை இல்லாதிருந்தால் அவர், "பசு எப்படிக் கத்தும்? நம் தெருவில் காலையில் ஒன்று வந்ததே, நீ வாழைப்பழத் தோல் கொடுத்தாயே" என்று ஆரம்பித்திருப்பார். அந்தப் பாட்டிக்கு ஈடான பாட்டரி பொம்மை எந்தக் கடையிலும் இல்லை.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா? பாட்டரியைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பெரும்பாலான பொம்மைகள் அதன் பிறகு நல்ல பொம்மைகளாகிவிடுகின்றன.

வீடு நிறையப் பொம்மை. ஆனாலும் எதிலும் நிலைத்து விளையாடுவதில்லையே?

அவ்வளவு இருப்பதால்தான். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை ஒருமுறை நான்கு பொம்மைகளோடும் இன்னொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றிலும் அதிக நேரம் நிலைத்தார்கள், ஒரே பொம்மையைப் பலவிதமாகப் பயன்படுத்தினார்கள். 2018இல் வந்த ஆய்வு இது. ஐந்தாறு பொம்மைகளை வெளியே வைத்துவிட்டு மீதியைப் பரணில் ஏற்றுங்கள். சில வாரம் கழித்து மாற்றினால் பழையது புதிதாகிவிடும்.

பெண் குழந்தைக்குச் சமையல் சாமான், பையனுக்குக் கார் என்று வாங்குகிறார்கள். இதில் தவறு உண்டா?

சமையல் சாமானிலும் தவறில்லை, காரிலும் தவறில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறுப்பதில்தான் இழப்பு. கட்டைகளும் வண்டிகளும் இடம், திசை, அளவு பற்றிய புரிதலைப் பழக்குகின்றன. பொம்மைக் குழந்தையும் சொப்பும் பேச்சையும் பிறர் மனத்தை அறிவதையும் பழக்குகின்றன. எந்தப் பாதி யாருக்கு வேண்டாம்? சுமார் மூன்று வயதிலேயே குழந்தைகள் தங்களை ஆண், பெண் என்று அடையாளம் கண்டு, 'இது என்னுடையது, அது அவர்களுடையது' என்று பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே இரண்டும் அவர்கள் கையில் பழகியிருக்க வேண்டும். பையன் பொம்மையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தால் சிரிக்காதீர்கள். அப்பா செய்வதைத்தான் செய்கிறான்.

சக்கரம் வைத்த வாக்கரில் போட்டால் சீக்கிரம் நடப்பானா?

இல்லை. உட்கார்ந்தபடி விரல்நுனியால் உந்திச் செல்லும் அந்த வளைய வாக்கர் நடையை முன்கூட்டிக் கொண்டுவருவதில்லை, தாமதப்படுத்தலாம். ஆபத்தும் பெரிது. ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் உருண்டுவிடும், அடுப்பையும் படிக்கட்டையும் தண்ணீர் வாளியையும் நீங்கள் எழுந்திருப்பதற்குள் எட்டிவிடும். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடைசெய்தது. நம் மர நடைவண்டி வேறு. குழந்தை தானாக எழுந்து, தன் எடையைத் தானே தாங்கி, தள்ளி நடக்கிறது. அதை வாங்குங்கள். கூடவே இருங்கள்.

எந்த வயதில் எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு வயதுக்குள் திரை கூடவே கூடாது. ஒரு வயது முடிந்து இரண்டாவது பிறந்தநாள் வரையிலும் வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரையும் ஏறக்குறைய இதுவே: இரண்டு வயதுக்குள் உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு மணி நேரத்துக்குள்.

ஒரு மணி நேரம் என்பது உச்ச வரம்பு. கொடுத்தே தீர வேண்டிய அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் என் குழந்தை வீடியோ பார்த்துத்தானே பாட்டும் எண்ணும் கற்றுக்கொண்டது?

இந்தக் கேள்வியைக் கேட்காத பெற்றோர் இல்லை. ஒப்பிப்பது வேறு, மொழியைக் கற்பது வேறு. ஒன்றிலிருந்து பத்து வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம் "இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொடு" என்று கேட்டால் வித்தியாசம் தெரியும்.

பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட சோதனை என்னை மிகவும் பாதித்த ஒன்று. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகளில் புத்தகம் படித்தும் விளையாட்டுக் காட்டியும் பேசினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டை அந்தக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, அதே அளவு நேரம் வீடியோவில் காட்டப்பட்ட குழந்தைகளுக்கு எதுவும் ஒட்டவில்லை. சீனத்தையே கேட்காத குழந்தைகளின் நிலையில்தான் அவர்கள் இருந்தார்கள்.

ஜூடி டெலோச் குழுவினரின் 2010 ஆய்வு பெற்றோருக்கு இன்னும் நெருக்கமானது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொல் கற்பிக்கும் வீடியோவை நான்கு வாரம் வீட்டில் காட்டினார்கள். ஒரு மாதம் பார்த்தும், பார்க்காத குழந்தைகளைவிட அவர்கள் கூடுதலாக எதையும் கற்கவில்லை. வீடியோவே இல்லாமல், அதே சொற்களை அன்றாட வேலைக்கு நடுவே அம்மா அப்பா சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றார்கள். இதில் நாம் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வீடியோவை விரும்பிய பெற்றோர், தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினார்கள். அமெரிக்காவில் 'பேபி ஐன்ஸ்டீன்' என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் அமோகமாக விற்றன. எதிர்ப்பு வலுத்தபின் 2009இல் டிஸ்னி நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

அப்படியானால் வெளிநாட்டில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது?

தாராளமாகப் பேசட்டும். அங்கே ஆள் இருக்கிறார். இரண்டு வயதையொட்டிய குழந்தைகளிடம் 2014இல் நடந்த ஓர் ஆய்வில், வீடியோ காலில் தங்களைப் பார்த்துப் பதில் சொன்னவரிடமிருந்து புதுச் சொற்களைக் கற்றார்கள். அதே மாதிரியான பதிவை ஓடவிட்டபோது கற்கவில்லை. திரை என்ற கண்ணாடி இரண்டிலும் ஒன்றுதான். வேறுபட்டது மறுமொழி. பேசும்போது பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டி என்ன கேட்கிறார் பார்" என்று எடுத்துக்கொடுத்தால் இன்னும் நல்லது.

டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கும், குழந்தை பார்ப்பதே இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தார்கள். 2008இல் வந்த ஆய்வு. குழந்தைகள் அவ்வப்போது சில நொடிகள்தான் தலைதூக்கிப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் விளையாட்டு துண்டு துண்டானது, கவனம் குறுகியது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் சீரியல் பத்து மணி வரை ஓடும் வீடுகள் எத்தனையோ. அந்த நேரத்தில் பெரியவர்கள் குழந்தையோடு பேசுவதும் குறைந்துவிடுகிறது. பார்க்கிறவர் இருக்கும்போது மட்டும் டிவி ஓடட்டும்.

போன் காட்டினால்தான் சாப்பிடுகிறது. என்ன செய்வது?

இதற்காக எந்த அம்மாவையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரம், எடை குறைந்துவிடுமோ என்ற பயம், "பிள்ளை ஏன் இப்படி இளைத்திருக்கிறான்" என்று கேட்கும் உறவினர்கள். ஆனால் போனைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தை சாப்பிடப் பழகுவதில்லை. பசி அடங்கியது அதற்குத் தெரியாது. எதைத் தின்றோம், என்ன ருசி என்பதும் தெரியாது. ஊட்டும் நேரத்தில் இயல்பாக நடக்க வேண்டிய பேச்சும் போய்விடுகிறது.

ஒரேயடியாக நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை பலமாக இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே தொடங்குங்கள். அம்மா மறுக்க, தாத்தா கொடுத்தால் அழுகை நீளும், அவ்வளவுதான். வீட்டார் சாப்பிடும் நேரத்தில் குழந்தையையும் உட்காரவைத்து, அதன் தட்டில் கொஞ்சமாகப் போடுங்கள். இட்லியைப் பிட்டுக் கையில் கொடுங்கள். கீழே சிந்தட்டும், தலையில் அப்பிக்கொள்ளட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நடுவில் பிஸ்கட்டும் பாலும் கொடுக்காவிட்டால் அடுத்த வேளைக்குப் பசி வரும். ஒரு வேளை குறைவாகச் சாப்பிடுவதால் நலமான குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. எடை உண்மையிலேயே குறைந்துகொண்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிட்டு இதைச் செய்யுங்கள்.

இரண்டு வயதாகியும் பேசவில்லை. போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்திருக்குமா?

திரை பார்த்து ஆட்டிசம் வருவதில்லை. அது பெரும்பாலும் மரபணு சார்ந்த, மூளை உருவாகும் தொடக்கத்திலேயே அமையும் வளர்ச்சி வேறுபாடு. இப்போது சமூக ஊடகங்களில் 'மெய்நிகர் ஆட்டிசம்' என்று ஒரு பெயர் உலவுகிறது. மருத்துவ வகைப்பாட்டு நூல்களில் அப்படி ஒரு நோய்ப் பெயர் கிடையாது. அளவுக்கு மீறிய திரை பேச்சைத் தாமதப்படுத்தலாம், கண் பார்த்துப் பழகும் வாய்ப்பைப் பறிக்கலாம். ஏற்கனவே ஆட்டிசம் உள்ள குழந்தை திரையால் கூடுதலாக ஈர்க்கப்படலாம். வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கோ எனக்கோ இவற்றைப் பிரித்தறிய முடியாது.

இதில் இரண்டு விதமான தீங்கைப் பார்க்கிறேன். "நீதான் போன் கொடுத்துக் கெடுத்தாய்" என்று தாயின் மேல் பழி விழுகிறது. அல்லது, "போனை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று ஓர் ஆண்டைக் கடத்திவிடுகிறார்கள். "அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்பதும் அதே ஆண்டைத்தான் தின்கிறது. போனை இன்றே நிறுத்துங்கள், இந்த வாரமே பரிசோதனைக்கும் போங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரல் நீட்டிக் காட்டாதது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லாதது, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது, எந்த வயதிலும் வந்த சொற்கள் மறைந்துபோவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறனைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு இணைந்த மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

மூன்று வயதுக்கு மேல் என்ன நிகழ்ச்சி காட்டலாம்?

எவ்வளவு நேரம் என்பதைப் போலவே எது என்பதும் முக்கியம். 1960களின் தொடக்கத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் அதே அடியை, அதே வசனத்தோடு அடித்தார்கள். நேரில் பார்த்தவர்கள் மட்டுமல்ல, படத்தில் பார்த்தவர்களும். ஆகவே அடிதடியைச் சிரிப்பாகக் காட்டும் கார்ட்டூனை இந்த வயதுக்குத் தவிர்க்கிறேன். காட்சி நொடிக்கு நொடி மாறுவதும் சுமைதான். 2011இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அப்படிப்பட்ட கார்ட்டூன் ஒன்றை ஒன்பது நிமிடம் காட்டிவிட்டு உடனே சோதித்தபோது, பொறுத்திருப்பதிலும் யோசித்துச் செய்வதிலும் அவர்கள் பின்தங்கினார்கள். படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அது நேரவில்லை.

நல்ல நிகழ்ச்சியும் உண்டு. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்', ஆய்வாளர்களை உடன்வைத்துக்கொண்டு பள்ளிக்கு முந்தைய குழந்தைகளுக்காகவே உருவாக்கப்பட்டது. பார்த்த குழந்தைகளுக்கு எழுத்திலும் எண்ணிலும் பலன் இருந்தது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. மெதுவாக நகரும் கதை, குழந்தையிடம் கேள்வி கேட்டு நிறுத்திக் காத்திருக்கும் கதை, முடிவு என்று ஒன்று உள்ள கதை. இப்படித் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடுத்தடுத்துத் தானாக ஓடும் வசதியை யூடியூபில் அணைத்துவையுங்கள். பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோக்களைத் தயவுசெய்து தவிருங்கள். ஏழெட்டு வயது வரை, இது நம்மை வாங்கவைக்கச் சொல்லப்படுகிறது என்பதே குழந்தைக்குப் பிடிபடாது.

நாங்கள் போன் பார்ப்பதாலும் பாதிப்பு உண்டா?

உண்டு. 2017இல் வெளியான ஆய்வில் 38 தாய்மார்கள் தங்கள் இரண்டு வயதுக் குழந்தைக்குப் புதுச் சொல் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சொல் தடையின்றி நடந்தது. இன்னொரு சொல்லின் நடுவே தாய்க்குக் கைபேசியில் அழைப்பு வந்தது. இரண்டு சொல்லையும் ஒரே எண்ணிக்கையில்தான் குழந்தை கேட்டது. தடைபட்ட சொல்லைக் கற்கவில்லை. நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்க இயலாதவர்கள்தான் நம்மில் அதிகம். அதற்காக யாரும் குற்றவுணர்வில் தேய வேண்டாம். குளிப்பாட்டும்போதும், ஊட்டும்போதும், தூங்கவைக்கும்போதும் போன் வேறு அறையில் இருக்கட்டும். எப்படியும் செலவிடுகிற நேரம்தானே அது.

பொம்மை வாங்கும்போது பாதுகாப்புக்கு எதைப் பார்க்க வேண்டும்?

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் விற்கும் பளபளப்பான சாயப் பொம்மைகளை வாயில் வைக்கும் வயதில் தவிர்த்துவிடுங்கள். மூன்று வயதுக்குள் சிறு பாகங்கள் கூடாது. சோதனைக்கூடத்தில் இதற்கு ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் அதே அளவு ஆபத்து. பிறந்தநாள் விழா முடிந்ததும் தரையைக் கூட்டிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது காசு வடிவப் பொத்தான் பாட்டரி. விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் பெரும் புண்ணை உண்டாக்கிவிடும். அந்தப் பாட்டரி உள்ள பொம்மையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல், மலத்தில் வந்துவிடும் என்று காத்திராமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். அதே பொம்மையில் இன்னொரு பாட்டரி இருந்தால் அதையும் எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.